ஒரு வியாழக்கிழமையும் ஒரு மாற்றல் உத்தரவும்

நம் கதைகளில் துரதிர்ஷ்டம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பஸ் கவிழலாம், குழந்தை கிணற்றில் விழலாம், கடிதம் விலாசம் மாறிப் போகலாம். காரணம் சொல்லும் கடமை ஆசிரியனுக்குக் கிடையாது. வாழ்க்கை அப்படித்தான் என்று நாமே அவனுக்காக வாதாடிவிடுகிறோம். ஆனால் அதே கதையில் ஒருவனுக்கு எதிர்பாராமல் நல்லது ஒன்று நடந்துவிட்டால் போதும், நம் முகம் மாறிவிடுகிறது. சினிமாத்தனம் என்கிறோம். கெட்ட தற்செயல் கலை, நல்ல தற்செயல் வியாபாரம் என்ற விதி எங்கும் எழுதப்படாமலே நம்மிடையே அமலில் இருக்கிறது. நானும் இந்த விதிக்குப் பல வருஷங்கள் கட்டுப்பட்டிருந்தவன்தான். இப்போது சந்தேகம் வந்திருக்கிறது.

இந்த விதியை நான் கற்றுக்கொண்டது பி.ஏ. ஆங்கில வகுப்பில். தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' 1891ல் வந்த நாவல். கல்யாணத்துக்கு முன் டெஸ் தன் கடந்த காலத்தை ஒரு கடிதத்தில் எழுதி, தான் மணக்கப் போகிறவனின் அறைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறாள். அது கம்பளத்துக்கு அடியில் போய்விடுகிறது. அவன் பார்ப்பதில்லை. அவள் வாழ்க்கை நாசமாகிறது. பிரபஞ்சத்தின் பாராமுகம் என்று குறிப்பெடுத்துக்கொண்டோம். அந்தக் கடிதம் உரியவன் கைக்குப் போய்ச் சேர்ந்து, அவன் அவளை மன்னித்திருந்தால் இந்த நாவல் பாடமாக வந்திருக்காது. ஆனால் கம்பளத்துக்கு அடியில் போகாத கடிதங்களும் உலகத்தில் உண்டு. அவற்றைப் பற்றி எழுதுவதற்கு நம்மிடம் மொழி இல்லை என்பதுதான் என் கவலை.

கவலைக்குச் சொந்தக் காரணமும் உண்டு. நான் வங்கிக் குமாஸ்தாவானது ஒரு தற்செயலால். தேர்வுப் பட்டியலில் என் பெயர் கிடையாது. காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. யாரோ ஒருவர் வேலையில் சேரவில்லை. எனக்கு உத்தரவு வந்தது. அவர் யார், ஏன் சேரவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்கலாம். தகப்பனார் படுக்கையில் விழுந்திருக்கலாம். ஊரை விட்டுப் போக மனமில்லாமல் இருந்திருக்கலாம். அவர் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துதான் பத்து வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன், புத்தகம் வாங்குகிறேன், இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறேன். உத்தரவு வந்த அன்று கோட்டாறு கம்போளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, "ஒனக்கு யோகம் அடிச்சிட்டுடே" என்றார். வேறொருவர், "ராத்திரி பூரா முழிச்சுப் படிச்சாம்லா, கெடைக்காம இருக்குமா" என்றார். இரண்டு வாக்கியங்களும் எனக்குப் பொய்யாகவே பட்டன.

தமிழனுக்கு இந்த இரண்டு வாக்கியங்களை விட்டால் மூன்றாவது கிடையாது. குறளிலேயே இரண்டும் இருக்கின்றன. 38வது அதிகாரம் ஊழ், 62வது ஆள்வினையுடைமை. மேடைப் பேச்சாளர்கள் சௌகரியம் போல எடுத்துக்கொள்கிறார்கள். தன் வெற்றி என்றால் 62, அடுத்தவன் வெற்றி என்றால் 38. இந்த இரண்டுக்கும் நடுவில் நிஜமாக என்ன நடக்கிறது என்பதை ஒரே ஒரு தமிழ் உரைநடைப் புத்தகம்தான் எனக்குக் காட்டியது. அதை நம் வட்டாரத்தில் பெரும்பாலோர் புலவர்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940ல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்து, 1942ல் அவர் இறந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. அதில் ஒரு தேதி வருகிறது. 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. அன்று அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். பிள்ளை 1876ல் இறந்த பின் திருவாவடுதுறை மடத்தில் இருந்தவர். அதே குருவின் முந்தைய மாணவரான தியாகராச செட்டியார் ஓய்வு பெற, அவர் இடத்தில் கும்பகோணம் காலேஜில் தமிழ் பண்டிதராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சேலம் இராமசாமி முதலியார் என்பவர் அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்தார். அவரைப் பார்க்கப் போகிறார். உத்தியோகஸ்தரைப் போய்ப் பார்த்துவிட்டு வரும் மரியாதைச் சந்திப்பு, அவ்வளவுதான்.

யாரிடம் படித்தீர்கள் என்று முன்சீப் கேட்கிறார். தமிழ்நாட்டில் எந்த வித்துவானின் முகமும் மலர்ந்துவிடக்கூடிய அந்தப் பெயரைச் சொல்கிறார். முன்சீப் அசையவில்லை. என்ன படித்தீர்கள்? அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று பட்டியல் நீள்கிறது. நீள நீள முன்சீபின் அலட்சியமும் வளர்கிறது. கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் சொல்லிப் பார்க்கிறார். அதுவும் போதவில்லை. இதையெல்லாம் படித்து என்ன ஆயிற்று என்கிற மாதிரி ஒரு கேள்வி வருகிறது. பிறகு சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று மூன்று பெயர்கள். இவர் படித்ததில்லை.

இந்தப் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு விஷயம். 85 வயதில், தமிழ்நாடு முழுவதும் காலில் விழத் தயாராக இருக்கும்போது, அறுபது வருஷத்துக்கு முன் பட்ட அவமானத்தைப் பட்டியலில் ஒரு பெயர் குறையாமல் திரும்ப எழுதுகிறார். முன்சீப் நல்லவர், சாந்தமாகக் கேட்டார் என்று மெருகு போடவில்லை. தம் குருவின் பெயர் அங்கே செல்லாமல் போனதை மறைக்கவில்லை. அதிர்ஷ்டம் வந்த கணம் அதிர்ஷ்டமாகத் தெரியாது, அவமானமாகத்தான் தெரியும் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன வேறு இடம் தமிழில் எனக்குத் தெரியவில்லை. வந்தவர் ஒரு பண்டிதர், கேட்டவர் ஒரு முன்சீப். முன்சீபுக்கு அப்போது வயது 28தான். கோபித்துக்கொண்டு வீடு திரும்பி, அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது என்று மடத்தில் சொல்லியிருந்தால் பத்துப் பேர் ஆமோதித்திருப்பார்கள். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இவர் திரும்பவும் போனார். முன்சீப் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்துத் தமக்குப் பாடம் சொல்லும்படி கேட்டார். சொல்லித் தருவதற்காகவே இவர் கற்க ஆரம்பித்தார்.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரு தெய்வச் செயலாகச் சொல்கிறார்கள். சாமிநாதையரே அப்படித்தான் நம்பினார். அவர் நம்பிக்கையோடு எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அவர் எழுதியிருப்பது அவர் நம்பியதைவிட அதிகம். புத்தகத்தையே ஆதாரமாக வைத்துப் பார்த்தால் அந்த வியாழக்கிழமைக்குப் பின்னால் வானத்தில் யாரும் இல்லை. ஒரு மாற்றல் உத்தரவு இருக்கிறது.

முன்சீப்கள் மாற்றப்படுகிறவர்கள். கோர்ட்டும் ரயிலும் வந்த பிறகு, ஓர் ஊரின் தமிழறிவோடு சம்பந்தமில்லாத படித்தவன் ஒருவன் இன்னோர் ஊரில் போய் உட்கார முடிந்தது. அவனுக்கு மடத்தின் பாடத்திட்டம் தெரியாது. எந்தப் புத்தகத்தைக் கேட்கக் கூடாது என்பதும் தெரியாது. சிந்தாமணி அப்போது முற்றிலும் மறைந்து கிடந்த நூலுமல்ல. அதன் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தை 1868லேயே பவர் பாதிரியார் அச்சிட்டிருந்தார். அதைவிட ஆச்சரியம், கும்பகோணத்திலேயே சமணர் வீடுகளில் சிந்தாமணி வாசிக்கும் வழக்கம் அறுபடாமல் இருந்தது. அர்த்தம் புரியாமல் தவித்த சாமிநாதையர் பிறகு அவர்களிடம்தான் கேட்டுத் தெளிந்தார். தமிழில் அத்தனை படித்தவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் புத்தகம் உயிரோடு இருந்திருக்கிறது. ஆனாலும் இருபத்தைந்து வயது வரை யாரும் சொல்லவில்லை. சைவக் கல்வி என்ற ஏற்பாடு அதை மறைத்து வைத்திருந்தது. இங்கிலீஷ்காரன் கோர்ட்டு என்ற இன்னோர் ஏற்பாடு அதை எடுத்துக் காட்டியது. இரண்டு ஏற்பாடுகளும் உரசிக்கொண்ட இடத்தில் ஒரு மனிதன் நின்றிருந்தான். நாம் அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நாஞ்சில்நாட்டுக்காரனுக்கு இது புரியாத விஷயமல்ல. இங்கே வெள்ளாளர் குடும்பங்களில் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போய்க்கொண்டிருந்தது. மருமகனாகப் பிறந்தவன் அதிர்ஷ்டசாலி, மகனாகப் பிறந்தவன் தெருவில். திருவிதாங்கூர் அரசாங்கம் 1926ல் சட்டம் கொண்டுவந்தது. அதற்கப்புறம் ராசியும் நட்சத்திரமும் அப்படியே இருக்க, அதிர்ஷ்டசாலி மட்டும் ஆள் மாறிவிட்டான். தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் பரிகசித்தது இந்த அதிர்ஷ்டத்தைத்தான். ஐந்தாவது மனைவி ஒருத்தியைப் பேச வைத்து, ஒருவனுடைய யோகம் இன்னொருத்தியின் வயிற்றில் எப்படி அடிக்கிறது என்று கணக்குச் சொல்ல வைத்தார். இன்றைக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் அரசாங்கமே அதிர்ஷ்டத்தைச் சீட்டுப் போட்டு விற்கிறது. கேரளத்தில் 1967லிருந்து அது அரசாங்கக் காரியம். இந்தப் பக்கம் 2003லிருந்து லாட்டரி விற்பது குற்றம். 1956 வரை இரண்டும் ஒரே ராஜ்யம்.

எல்லாம் ஏற்பாடுதான் என்று முடித்துவிட்டால் சுலபம். முடிக்க முடியவில்லை. அதே கும்பகோணம் காலேஜ் என்னை மறிக்கிறது.

சாமிநாதையர் 1903ல் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். 1904ல் அந்தக் கும்பகோணம் காலேஜில் சீனிவாச ராமானுஜன் என்ற பையன் சேர்ந்தான். அதற்கு முந்தைய வருஷம் கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதச் சுருக்கம் அவன் கைக்குக் கிடைத்திருந்தது. பரீட்சைக்குத் தயார் செய்கிற மாணவர்களுக்கான, நிரூபணங்கள் பெரும்பாலும் விடுபட்ட புத்தகம். அது கிடைத்தது அதிர்ஷ்டமா? மற்ற பாடங்களை மறக்கடித்து, உதவித்தொகையைப் பறித்து, எஃப்.ஏ. பரீட்சையில் தோற்கடித்து, வேலைக்கு அலையவிட்டது அந்தப் புத்தகம் மூட்டிய வெறிதான். ராமானுஜன் 1907ல் இறந்திருந்தால் அந்தப் புத்தகத்தைத் துரதிர்ஷ்டம் என்று எழுதியிருப்போம். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்க் குமாஸ்தா. 1913 ஜனவரி 16ந் தேதி கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். வேறு இரண்டு பேராசிரியர்களுக்கும் எழுதியிருந்தார். அவர்களால் பிரயோஜனமில்லை. இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தவர் பெயரும் ஹார்டி. பெயர் ஒன்றாக அமைந்தது வெறும் தற்செயல். ஆனால் நாவலாசிரியர் ஹார்டியின் கம்பளத்துக்கு அடியில் போன கடிதத்தையும், கணித ஹார்டி உட்கார்ந்து படித்த கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலாவதைப் பற்றி எழுத நமக்கு நூறு வார்த்தைகள் இருக்கின்றன. இரண்டாவதற்கு அதிசயம் என்ற ஒரு வார்த்தைதான். அந்தக் கடிதத்துக்கு முன்னால் டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயர், கலெக்டர் ராமச்சந்திர ராவ், துறைமுகத்தில் நாராயண ஐயர் என்று உத்தியோகஸ்தர்கள் வரிசையாக நின்று கதவைத் திறந்திருக்கிறார்கள். ஒருவரும் அவர் கணக்கை முழுவதும் புரிந்துகொண்டு திறக்கவில்லை. தனக்குப் புரியாத ஒன்றைக் கண்டு, புரியாததாலேயே ஒதுக்கிவிடாமல் இருந்ததுதான் அவர்கள் செய்தது. ஏற்பாடு கதவு வரைக்கும்தான் கொண்டுவிடும். திறக்கிறவன் கையில் கடைசி அரைக்கால் பங்கு இருக்கிறது. அதற்கு விதி என்றும் பெயரில்லை, உழைப்பு என்றும் பெயரில்லை.

சிருஷ்டி இலக்கியத்தில் இந்த அரைக்கால் பங்கைத் தொட்டவர் புதுமைப்பித்தன். 1943ல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை நாஸ்திகக் கிண்டல் என்றோ கடவுளின் தோல்வி என்றோ படிப்பது வழக்கம். நான் அதை அதிர்ஷ்டத்தைப் பற்றிய கதையாகப் படிக்கிறேன். சென்னையின் தெருமுனையில், கையிலுள்ள சில்லறைக்கு டிராமா, காப்பியா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவனுக்குக் கடவுளே எதிர்ப்படுகிறார். ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வர முடியாது. வரம் வேண்டாம் என்று கந்தசாமிப் பிள்ளை முதலிலேயே ஜாக்கிரதைப்பட்டுவிடுகிறார். கடைசியில் கடவுளிடம் கறப்பது அவருடைய வைத்தியப் பத்திரிகைக்கு ஓர் ஆயுள் சந்தா. அவர் வாழ்க்கையின் திசை ஓர் அங்குலம் கூட மாறவில்லை. மாறாமல் பார்த்துக்கொள்கிறார். சாமிநாதையர் முன்சீபிடமிருந்து கையில் புத்தகத்தோடு திரும்பினார். கந்தசாமிப் பிள்ளை கடவுளிடமிருந்து ரசீதோடு திரும்பினார். நம்மில் பெரும்பாலோர் கந்தசாமிப் பிள்ளைகள். நல்ல தற்செயலை வைத்து இவ்வளவு கசப்பான கதை எழுத முடியும் என்று அவர் காட்டிய பிறகும், நாம் பஸ்ஸைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிர்ஷ்டக் கதைகள் பொய்யாகத் தோன்றுவதற்குக் காரணம் அவற்றில் நடக்கும் தற்செயலல்ல. அங்கே ஓர் ஆள் குறைகிறான். எனக்கு வேலை கிடைத்தது என்று சொல்கிறவன், வேலையில் சேராதவனைப் பற்றிச் சொல்வதில்லை. சாமிநாதையர் சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலிருந்து வந்த சி. வை. தாமோதரம் பிள்ளை அவரைவிட 23 வயது மூத்தவர். வீரசோழியத்தையும் இறையனார் களவியலையும் பதிப்பித்துவிட்டிருந்தவர். கும்பகோணத்துக்கு வந்து, சிந்தாமணியைத் தாமே பதிப்பிப்பதாகச் சொல்லிப் பிரதியைக் கேட்கிறார். அனுபவம் அவர் பக்கம், வயது அவர் பக்கம், அச்சிடும் வழிவகை அவர் பக்கம். சாமிநாதையர் தடுமாறுகிறார். கடைசியில் கொடுக்கவில்லை. 1887ல் சிந்தாமணி சாமிநாதையர் பதிப்பாக வந்தது. அதே வருஷம் தாமோதரம் பிள்ளையின் கலித்தொகையும் வந்தது. அந்த வியாழக்கிழமை நேராமல் இருந்திருந்தால் தமிழுக்குச் சிந்தாமணி கிடைக்காமல் போயிருக்காது. தாமோதரம் பிள்ளை கொண்டுவந்திருப்பார். கிடைக்காமல் போயிருக்கக்கூடியது வேறு: உத்தமதானபுரத்து வேங்கடசுப்பையர் மகனுடைய அறுபது வருஷம். தற்செயலால் சரித்திரம் மாறுகிறது என்று மேடையில் சொல்கிறார்கள். பெரும்பாலும் மாறுவதில்லை. சரித்திரத்துக்கு மாற்று ஆட்கள் உண்டு. ஒரு தனி மனிதனுக்கு மாற்று ஆள் கிடையாது. அதனால்தான் இது இலக்கியத்தின் விஷயம் என்கிறேன்.

கொடுக்க மறுத்த அந்தத் தடுமாற்றத்தையும் தம் சரித்திரத்தில் வைத்த நேர்மையால்தான் 'என் சரித்திரம்' வெறும் வெற்றிக் கதையாகப் போகாமல் நிற்கிறது. நம் சிறுகதைக்காரர்கள் அதிலிருந்து படிக்க வேண்டியது நடையை அல்ல, இந்தக் கணக்கு வழக்கை. வரவு எழுதினால் பற்றும் எழுத வேண்டும். ஒருவனுக்குக் கதவு திறக்கும்போது அதே வாசலில் யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுவிட்டால் நல்ல தற்செயலும் கெட்ட தற்செயலும் ஒரே சம்பவத்தின் இரண்டு பேரேடுகள் என்று தெரிந்துவிடும். சினிமாத்தனம் தானாகவே கழன்றுவிடும்.

நம் வட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. புதிதாக ஒருவன் கவிதையோடு வந்தால் யார் யாரைப் படித்திருக்கிறாய் என்று கேட்கிறோம். அவன் பட்டியல் சொல்கிறான். பட்டியல் நம்முடையதோடு ஒத்துப்போனால் காப்பி வாங்கிக்கொடுக்கிறோம். இராமசாமி முதலியார் பட்டியலைப் பாராட்டியிருந்தால் அந்த வியாழக்கிழமை ஒன்றுமே நடந்திருக்காது. அதே சமயம் அவர் அலட்சியத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. கேட்டார், பிறகு தம் பிரதியைக் கையில் கொடுத்தார், பிறகு மாணவனாக உட்கார்ந்தார். நாம் முதல் காரியத்தை மட்டும் திறமையாகச் செய்கிறோம்.

என் வேலையில் சேராமல் போனவரைக் கண்டுபிடிக்க முடியாது. பட்டியலில் பெயர் இருந்திருக்கும். அப்போது நான் என் பெயரை மட்டும்தான் தேடினேன். அவரைப் பற்றி ஒரு கதை எழுதிப் பார்த்தேன். இரண்டு முறையும் அவரைத் துயரமான ஆளாகவே எழுதிவிட்டேன். அவர் சந்தோஷமாக இருக்கக்கூடும் என்று ஒரு வரி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. ஆரம்பத்தில் சொன்ன விதி என்னிடமிருந்தும் போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.